கம்பெனியின் மனசு தெரிந்தவர்

கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் பேச ஆரம்பித்துவிடுவார். வணக்கமெல்லாம் கிடையாது. "அடுத்தது இன்னா வரப்போவுது தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைவார். நான் துணி வெட்டிக்கொண்டிருந்தாலும் சரி, வந்தவர்களுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாலும் சரி, முதலில் அந்தக் கேள்வி வரும், பின்னால்தான் ஆள் வருவார். திருவண்ணாமலை திருவூடல் தெருவில் கடை வைத்திருந்த எல்லோருக்கும் அவர் 'அடுத்தது அண்ணன்'தான்.

எங்கள் மாதிரி சின்னக் கடைக்காரர்களின் பேஜைப் பார்த்துக்கொள்வது அவர் தொழில். எல்லோர் ஃபோனிலும் இருக்கிறதே, ஊர் உலகமெல்லாம் படமும் வீடியோவும் போட்டு ஒருவருக்கொருவர் லைக் கொடுத்துக்கொள்கிற ஆப், அதில் கடைக்கென்று திறந்து வைக்கிற பேஜ். எனக்கு ரெடிமேட் பிளவுஸ் கடை. எதிரே பாத்திரக்கடை. தெருமுனையில் ஒரு பேக்கரி, தள்ளி ஒரு லாட்ஜ். எங்கள் எல்லோருடைய பேஜும் அவர் கையில்தான் இருந்தது.

அந்த ஆப்பின் பெயரை அவர் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. 'கம்பெனி' என்பார். கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற கம்பெனி. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிற இப்படி ஒரு மனிதர் இருப்பதே அதற்குத் தெரியாது. இவரோ சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்.

"அவங்களுக்கு இப்ப நம்ம மேல மனசு இல்லம்மா. படம் போட்டா மூஞ்சி சுளிக்கிறாங்க. வீடியோ கேக்கறாங்க. கொஞ்ச நாளைக்கு அனுசரிச்சிதான் போவணும்."

ஐம்பதை நெருங்கிய வயது. மீசைக்கு மட்டும் டை அடிப்பார், தலைக்கு அடிக்க மாட்டார். "தலைய யாரு பாக்கறாங்க? பேசறப்ப மீசைதான் முன்னால நிக்கும்" என்பார். குறுக்கே மாட்டிய பையில் சார்ஜர் வயர்கள் பாம்புக்குட்டிகள் மாதிரி சுருண்டு கிடக்கும்.

முதன்முதலில் அவர் என் கடைக்கு வந்தது ஒரு தீபத் திருவிழாவுக்கு முந்தைய வாரம். மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மா கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அவர் பிளவுஸ் பார்த்துக்கொண்டிருக்க, இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'எங்கள் பேஜைப் பின்தொடருங்கள்' என்று நான் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தேன்.

"நெறைய பேரு இருக்காங்களா பேஜ்ல?" என்று கேட்டார்.

எனக்குக் கொஞ்சம் பெருமை. "ஒரு படம் போட்டா போதும்ண்ணா, அன்னைக்கு சாயங்காலமே நாலு பேராவது கேட்டுனு வந்துடுவாங்க."

"வருவாங்க. இன்னும் கொஞ்ச நாளைக்கு." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கல்யாண மண்டபம் நெறைய ஜனம் இருக்குதும்மா. எல்லாம் நீங்க கூப்ட்டு வந்த ஜனம்தான். ஆனா மைக்கு கம்பெனி கையில இருக்குது. ஒருநாள் அமுத்திடுவான். நீங்க பேசினே இருப்பீங்க, முன்வரிசைக்குக்கூட கேக்காது. அப்பறம் மைக்குக்கு வாடகை கேப்பான்."

"பிளவுஸ் வாங்க வந்தமா, ஜோசியம் சொல்ல வந்தமா?" என்றார் மனைவி, துணியிலிருந்து கண் எடுக்காமல்.

நானும் சிரித்துவிட்டேன். தை முடிவதற்குள் அவர் சொன்னது நடந்தது. நான் தினமும் படம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். வாடிக்கையாகத் துணி எடுக்கிற டீச்சர் ஒருவர் கடைக்கு வந்து, "ஏன் இப்பல்லாம் ஒண்ணும் போடறதில்ல? கடைய மூடிட்டீங்களோன்னு நெனச்சன்" என்றார். அன்று மத்தியானமே பில் புத்தகத்தில் அண்ணனின் மனைவி நம்பரைத் தேடிப்பிடித்து, அவர் மூலமாக இவரைக் கூப்பிட்டேன்.

அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் புதிராக இருந்தது. அதில் ரகசியம் ஒன்றுமில்லை. அவரிடம் மூன்று ஃபோன்கள் இருந்தன. இரண்டு ஃபோனுக்குக் கண்ணாடி உடைந்திருக்கும். துணி வெட்டுகிற மேஜையில் மூன்றையும் வரிசையாக வைத்து, மூன்றிலும் அந்த ஆப்பைத் திறந்து, ஒவ்வொரு பட்டனும் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்.

"கம்பெனி எல்லாருக்கும் ஒரே நாள்ல மாத்தாதும்மா. சோறு வெந்துதான்னு ஒரு பருக்கைய எடுத்து நசுக்கிப் பாப்பீங்கல்ல? அதே மாதிரி கொஞ்சம் பேருக்கு மட்டும் மாத்திப் பாக்கும். அந்தப் பருக்கை நம்ம ஃபோனாவும் இருக்கலாம்."

"பட்டன் எடம் மாறினா இன்னா ஆயிடப்போவுது?"

"கட்டைவிரலுக்குப் பக்கத்துல எந்த பட்டன் வருதோ, அதுதான் கம்பெனிக்கு இப்ப வேணும். போன மாசம் இங்க ஃபோட்டோ இருந்துது. இப்ப பாரு, வீடியோ வந்து குந்திக்கினுது. பட்டன் நகந்தா பணம் நகரப்போவுதுன்னு அர்த்தம்."

அப்படி ஒரு பட்டன் நகர்ந்த மாதத்தில்தான் அவர் பாத்திரக்கடைக்குப் போனார்.

பாத்திரக்கடை முதலாளி பெரியவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. யாராவது விலை கேட்டால்கூட, கடன் கேட்டவர்களைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். அவர் பேஜில் அதுவரை குத்துவிளக்குப் படமும் பண்டிகை வாழ்த்தும் மட்டுமே இருந்தன. இனிமேல் படம் எடுபடாது, சின்னச் சின்ன வீடியோதான் போகும் என்று இவர் போய்ச் சொன்னார். அவர்கள் பேசியது என் கடைவரை கேட்டது.

"நான் ஆடமாட்டன்" என்றார் பெரியவர்.

"ஆட வாணாம் மொதலாளி."

"பேசவும் மாட்டன்."

"பேசவே வாணாம். குடம் வாங்க வரவங்களுக்கு தட்டிக் காட்டுவீங்க இல்ல? அதே மாதிரி தட்டுங்க, போதும்."

பெரியவர் ஒரு பித்தளைக் குடத்தை எடுத்து, கேமராவை ஒரு முறை முறைத்துவிட்டு, விரல் முட்டியால் தட்டினார். கணீரென்று ஒரு சத்தம். அது அடங்கும்வரை முறைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் வீடியோ.

அது எங்கெல்லாமோ போயிற்று. அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர்கள் தெருவுக்குள் நுழைந்ததும், "அந்த முறைக்கிற தாத்தா கடை எது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெரியவருக்கு முதலில் ரொம்பக் கோபம். "நான் எங்க முறைக்கிறன்?" என்று என்னிடமே வந்து முறைத்தார். கொஞ்ச நாளில் அவருக்கும் விஷயம் புரிந்துபோனது. யாராவது ஃபோனைத் தூக்கினால், கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு முகத்தை இறுக்கிக்கொள்வார். அவர் சிரிக்காமலிருக்கப் பாடுபடுவதை நாங்கள் முதல்முதலாக அப்போதுதான் பார்த்தோம்.

அண்ணன் சொன்னதெல்லாம் பலித்தது என்று நினைத்துவிடக் கூடாது. லைக் எண்ணிக்கையையே கம்பெனி எடுத்துவிடப்போகிறது என்று ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை. கம்பெனியே கூரியர் ஆரம்பிக்கும் என்றார். அந்தப் பேச்சே வரவில்லை. பலிக்காதது எதையும் தவறு என்று ஒப்புக்கொள்ள மாட்டார். "இன்னும் நேரம் வரல" என்பார். மழை வரும் என்று சொன்னவன் குடையோடு நிற்பதுபோல அதற்கும் தயாராக நிற்பார்.

ஏன் இப்படி என்று அவர் மனைவிதான் ஒருநாள் சொன்னார். ஒரு பிளவுஸைப் பிரித்துத் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரம்.

"வீட்ல கேஸ் எப்ப தீரும்னு தெரியாது இவருக்கு. கம்பெனி எப்ப மாறும்னு தெரியும்" என்று ஆரம்பித்தார். "அப்ப கேபிள் வச்சிருந்தாரும்மா. எங்க ஊர்ல பாதி வீட்டுக்கு இவருதான் டிவி. படத்துக்குக் கீழ ஓடுமே விளம்பரம், மல்லாட்டை கொள்முதல் செய்யப்படும், டியூசன் எடுக்கப்படும்னு, அதெல்லாம் இவரு அடிக்கறதுதான். தெருவுல போனா கடைக்காரங்க கூப்ட்டு டீ குடுப்பாங்க. ஒரு பொங்கலுக்கு மொட்ட மாடியில ஒண்ணொண்ணா குடை மொளைக்குது. டிஷ்ஷு. அன்னைக்கு இவரு சென்னையிலிருந்து புது வயரு வாங்கினு வந்து வண்டியிலிருந்து எறக்கினு இருக்காரு. நான் சொல்றன், மேல பாருங்கன்னு. அதெல்லாம் நாலு நாளைக்குன்னாரு."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா? வயரு இருந்துது, இழுக்க வீடு இல்ல." அந்த அம்மா பிளவுஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அன்னைக்கு புடிச்ச பயம்மா அது. நீங்கல்லாம் தெறமைன்னு நெனச்சினு இருக்கீங்க."

இதைச் சொல்லிவிட்டுத் தையல் கோணலாக இருக்கிறது என்றும் சொன்னார். கோணலாகத்தான் இருந்தது.

அவர் எனக்குச் சொன்னதிலேயே பெரியது லைவ் விற்பனை. அதைச் சொன்ன அன்று அவர் உட்காரவே இல்லை. கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"கம்பெனியே கடைத்தெரு ஆவப்போவுதும்மா. நீ லைவ்ல நின்னு பிளவுஸ தூக்கிக் காட்டுவ. கோயம்புத்தூர்ல ஒருத்தங்க பாப்பாங்க. அங்கியே பட்டன அமுத்துவாங்க. பணமும் அதுக்குள்ளியே கட்டிடுவாங்க. வெளிய போவ வேண்டிய வேலையே இல்ல. இதான் இனிமே நெலையா நிக்கப்போவுது. எழுதி வச்சிக்க."

பாதிக் கடையை ஸ்டுடியோ ஆக்கச் சொன்னார். நான் யோசித்தேன். ஆனால் மைக் சொன்ன மனுஷன், குடம் தட்டச் சொன்ன மனுஷன். ட்ரையல் ரூமை இடித்தேன். அந்த இடத்தில் பின்னால் ஒரு திரை, முன்னால் வட்ட விளக்கு. என்னிடம் தைக்கிற செல்வியின் மெஷினுக்கு இடமில்லாமல், அதைக் கீழ்பென்னாத்தூரில் அவள் வீட்டுக்கே அனுப்பினேன்.

ஒரு பருவம் நன்றாகத்தான் போயிற்று. வெள்ளிக்கிழமை தோறும் லைவ். நான் திரைக்கு முன்னால் நின்று பேசுவேன். அண்ணன் ஃபோனுக்குப் பின்னால் நின்று, சிரி என்று வாயைக் காட்டுவார், கையைத் தூக்கு என்று காட்டுவார். நான் பார்டரைப் பற்றிப் பேசும்போது அவரும் தன் சட்டைக் கையைப் பார்டர் மாதிரி பிடித்துக் காட்டுவார். அதைப் பார்த்துச் சிரிப்பு வந்து இரண்டு முறை லைவை நிறுத்தியிருக்கிறேன். தீபாவளியை நம்பி நிறையத் தைத்து வைத்தோம்.

ஆவணியில் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. விற்பனைக்கான லைவ் இந்தத் தேதியோடு முடிகிறது, நன்றி என்று ஒரு சின்ன அறிவிப்பு. அவ்வளவுதான்.

அன்று அவர் வந்தபோது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் மட்டும்தான் கேட்டது. உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் எதையோ மடித்துக்கொண்டிருந்தேன். பேசக்கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

"நீங்க சொன்னீங்கன்னுதாண்ணா இடிச்சன். வரவங்க போட்டுப் பாக்க எடம் இல்ல. பிரிச்சி தைக்க மெஷின் இல்ல. ஆளு வந்து பாத்துட்டு திரும்பிப் போறாங்க."

"ஆமாம்மா. நான்தான் சொன்னன்."

இன்னும் நேரம் வரவில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் சண்டை போட வசதியாக இருக்கும். அவர் சொல்லவில்லை. வட்ட விளக்கை ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை ஓர் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ட்ரையல் ரூமை மறுபடி எழுப்பினார்கள். விளக்கை அவரே ஸ்குரூ டிரைவர் வைத்துக் கழற்றினார். செல்வியின் மெஷின் குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. நான் டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன், பேசவில்லை. எனக்கும் வைராக்கியம் உண்டு.

பௌர்ணமி வந்தது. சாயங்காலத்திலிருந்தே தெருவில் ஜனம். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வந்த வண்டிகள் ஊரைச் சுற்றி நின்றன. திடீரென்று என் கடை வாசலில் ஒரு குரல். கீழ்பென்னாத்தூர் முழுக்கக் கேபிள் வசூலுக்குக் குரல் கொடுத்த தொண்டை அது.

"வாங்கம்மா, ரெடிமேட் பிளவுஸ், உள்ள வந்து பாருங்க. ரண்டம்மா, ரண்டி, ஜாக்கெட்டு, ஜாக்கெட்டு!"

எட்டிப் பார்த்தேன். நாளைக்கு உலகம் எப்படி இருக்கும் என்று எங்களுக்கெல்லாம் சொன்ன மனிதர், லைவுக்காகத் தைத்த ஜரிகை பிளவுஸ் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். அவருக்குத் தெரிந்த தெலுங்கு மொத்தமே அவ்வளவுதான். அதையே பாட்டு மாதிரி இழுத்து இழுத்துப் பாடினார். பெண்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். உள்ளே வந்தவர்கள் போட்டுப் பார்த்தார்கள். செல்வி உட்கார்ந்த இடத்திலேயே பிளவுஸ் கையைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். ஒரு கட்டத்தில் எனக்குச் சில்லறை மாற்றக்கூட நேரமில்லை. எதிர்க்கடைப் பெரியவர் வெளியே வந்து நின்று இதையெல்லாம் பார்த்து முறைத்தார். நிஜமான முறைப்பு. இவ்வளவு சத்தம் போடத் தெரிந்தவனை வைத்துக்கொண்டு நாம் ஃபோனையே பார்த்திருக்கிறோமே என்கிற முறைப்பு.

கூட்டம் குறைந்தபிறகு அண்ணன் குரல் கம்மிப்போய் உள்ளே வந்தார்.

"தண்ணி குடும்மா" என்றார்.

கொடுத்தேன். "ஜாக்கெட்டுக்கு மேல ஒரு வார்த்தை கத்துக்கினு வாங்கண்ணா" என்றேன். அத்தோடு என் வைராக்கியம் முடிந்தது.

அதற்கப்புறம் அவர் கணிப்புகளைச் சொல்லும்போது கொஞ்சம் மெதுவாகச் சொல்வார். நாங்களும் கேட்டுக்கொள்வோம், ஆனால் எதையும் இடிக்க மாட்டோம். அப்படி ஒரு மத்தியானம் பாத்திரக்கடையில் நாங்கள் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான், வழக்கமான குரலில் அவர் கேட்டார்.

"அடுத்தது இன்னா தெரியுமா?"

"சொல்லு" என்றார் பெரியவர்.

"நான் வாணாம்."

எங்களுக்குப் புரியவில்லை. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"மொதலாளி ஒரு குடத்த ஃபோட்டோ புடிச்சி போட்டா போதும். எழுத்து கம்பெனியே எழுதிக்கும். பாட்டு அதுவே போடும். படத்த அதுவே அழகு பண்ணும். யாருக்குக் காட்டணும், எப்ப காட்டணும், எல்லாம் அதுவே முடிவு பண்ணி விளம்பரத்தையும் போட்டுடும். கடைக்காரரு ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம். நடுவுல நிக்கிறவனுக்கு வேலை இல்ல. என் ஃபோன்ல பட்டன் வந்துட்டுது."

"இதுவும் லைவ் மாதிரிதாண்ணா. வராது" என்றேன்.

"இது வரும்மா. எனக்கு வேணும்னு நெனச்சி சொன்னதுதான் தப்பாப் போச்சி. இது எனக்கு வாணாம்னு இருக்கும்போதே வரும்னு தெரியுது."

"அப்ப நீ இன்னா பண்ணுவ?" என்றார் பெரியவர்.

"பைபர் இன்டர்நெட் போடறவங்க ஆள் கேக்கறாங்க. கம்பம் ஏறத் தெரிஞ்ச ஆளு. நமக்குத் தெரியுமே."

"வரட்டும், வந்தப்பறம் போலாமில்ல?" என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். அவர் மனைவி என்னிடம் கேபிள் கதையைச் சொல்லியிருந்தது அவருக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஒரே நாளில் எல்லாக் கடைக்கும் போனார். ஒவ்வொருவர் பேஜையும் அவரவர் ஃபோனில் திறந்து கொடுத்து, பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். மாற்றும்போது முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். யாரோ துணி மாற்றுகிற மாதிரி.

"பண்ணிட்டியாம்மா?"

"பண்ணிட்டண்ணா."

"எனக்குச் சொல்லிடாத."

என் பேஜை நானே தொடங்கினேன், அவர் கையில் கொடுத்தேன், இப்போது திரும்பி வாங்கிக்கொண்டேன். சந்தோஷப்படத்தான் வேண்டும். வீட்டில் ஒரு ஆள் ஊருக்குப் போன மாதிரி இருந்தது.

பெரியவர் மட்டும் மாட்டேன் என்றார்.

"நீயே வச்சிக்கப்பா. வாடகைக்கு இருந்தவன் சாவி குடுத்துட்டுப் போறான், அது சரி. நீ எதுக்கு குடுக்கற?"

"அப்பறம் பேஜுக்கு எதாவது ஆச்சின்னா என்னத்தான் கேப்பீங்க."

"கேக்கத்தான் போறன். அதுக்குத்தான் வச்சிக்கன்றன்."

அண்ணன் எதிர்வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் சாலையைக் கடந்து போனேன். பெரியவருக்கு ஃபோனில் எழுத்து அடிக்க வராது. நான் வாங்கிக்கொண்டு, "சொல்லுங்க, இன்னா வைக்கலாம்?" என்றேன். அண்ணன் வழக்கம்போலத் திரும்பி நின்றுகொண்டார்.

பெரியவர் யோசித்தார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். அண்ணனின் பெயரை. அப்பா பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து, முழுப்பெயரை.

"மொதலாளி, பாஸ்வேர்ட சத்தமா சொல்லக் கூடாது" என்றார் அண்ணன், திரும்பாமலே.

"என் கடை. நான் சொல்லுவன். அடிம்மா."

அடித்தேன். வேலை முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் அண்ணன் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றார். தெருவில் அந்த நேரத்துக்குப் பார்க்கும்படியாக ஒன்றும் இல்லை. ஒரு தண்ணீர் வண்டி மட்டும் நின்றிருந்தது. எத்தனை சொல்லியும் பெரியவர் இன்றுவரை அந்தப் பாஸ்வேர்டை மாற்றவில்லை. அதனால் அண்ணனின் பெயரை இங்கே எழுதவும் எனக்கு வழியில்லை.

அண்ணன் சொன்னதுபோலவே அதுவும் வந்தது. இப்போது நான் ஒரு பிளவுஸைப் படம் எடுத்தால், எழுதித் தரட்டுமா என்று ஆப்பே கேட்கிறது. சரி என்றால் 'அழகின் உச்சம், பாரம்பரியத்தின் பெருமை' என்று எழுதித் தருகிறது. சாதாரணக் காட்டன் பிளவுஸுக்கு. பாத்திரக்கடையில் ஒருநாள் படத்தை அழகுபடுத்தட்டுமா என்று கேட்டதற்குப் பெரியவர் தெரியாமல் எதையோ தொட்டுவிட்டார். குடத்தோடு நிற்கிற அவர் முகத்தில் பல் தெரியச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபோனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு ஓடிவந்தார்.

"யாரும்மா இவன்? எடு மொதல்ல."

எடுத்துவிட்டோம். பேக்கரிக்காரரும் லாட்ஜ்காரரும் அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஆப் எழுதுவது யாருக்கோ எழுதுவது மாதிரி இருக்கிறது, நீங்களே வாருங்கள் என்று. அந்த அளவில் அவர் கணிப்பு தப்புதான். ஆனால் அவர் வரவில்லை.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது போன சித்திரையில். செல்வி மகளுக்குக் காதுகுத்து. கீழ்பென்னாத்தூர் போய் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏற நடந்து வந்துகொண்டிருந்தேன். ரோட்டோரம் ஒரு கம்பத்தில் ஏணி சாத்தியிருந்தது. மேலே ஒருவர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். நான் கவனிக்காமல் தாண்டியிருப்பேன். மேலேயிருந்து, "எம்மா, பிளவுஸ் கடை!" என்று குரல் வந்தது. அந்தக் குரலை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் தெரியும்.

இறங்கி வந்தார். உடம்பு கறுத்து, இறுகியிருந்தது. மீசை முழுக்க வெள்ளையாகிவிட்டது. வெள்ளையில்தான் அவர் முகம் நன்றாக இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். இடுப்பில் இருந்த கட்டிங் பிளையரை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"கடை எப்படிம்மா போவுது?" என்றார்.

"போவுதுண்ணா" என்றேன். எல்லோருக்கும் சொல்கிற பதில்.

"அப்படி இல்ல. சொல்லு. நேத்து யாரு வந்தாங்க, இன்னா எடுத்தாங்க?"

எத்தனையோ வருஷம் அவரோடு வியாபாரம் பேசியிருக்கிறேன். இதை அவர் என்னிடம் கேட்டதே இல்லை. நான் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, முந்தின நாள் வந்த ஒரு கல்யாணப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். செத்துப்போன அம்மாவின் முகூர்த்தப் புடவையை எடுத்துவந்து, அதற்கு ஒத்துவருகிற நிறத்தில் பிளவுஸ் கேட்டாள். கடை முழுக்க எடுத்துப் போட்டும் ஒன்றும் ஒத்துவரவில்லை.

"கெடைக்கவே இல்லியா?"

"கடைசியில அந்தப் பொடவையிலியே தலப்புக்குப் பக்கத்துல கொஞ்சம் வெட்டலாமான்னு செல்வி கேட்டா. அந்தப் பொண்ணு அழ ஆரம்பிச்சிட்டா."

"அப்பறம்?"

சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முழங்கையைத் தொடையில் ஊன்றி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திருவண்ணாமலை பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள். கண்டக்டர் எங்களைப் பார்த்து, வரீங்களா என்று கையைக் காட்டினார். அண்ணன், போ போ என்று கையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு, வெட்டினீங்களா இல்லியா?"